நான்கு சொற்களின் விலை

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் (ஆர்.ஐ.ஏ.ஏ.) வாஷிங்டனில் சட்டம் இயற்றுவோரைத் தன்பக்கம் சாய்ப்பதற்காக ஆண்டுதோறும் பல மில்லியன் டாலர் செலவிடுகிறது. அந்தக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் ஒரு சடங்கைப் போல இரண்டு குரல்கள் எழுகின்றன. 'இவ்வளவு பணமா?' என்று திகைப்பது ஒன்று. 'கலைஞர்களின் உரிமையைக் காக்கத்தானே செலவிடுகிறார்கள்' என்று சமாதானம் சொல்வது மற்றொன்று. இரண்டுமே பிரச்சினையின் மையத்தைத் தவறவிடுகின்றன என்பதே என் தரப்பு.

முதலில் தொகை. அமெரிக்காவின் லாபி வெளிப்படுத்தல் சட்டம் 1995இல் வந்தது. 2007இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். அந்தப் படிவத்தில் எவை இருக்கும்? பத்தாயிரம் டாலர் கணக்கில் முழுமையாக்கப்பட்ட ஒரு மதிப்பீடு, லாபிக்காரர்களின் பெயர்கள், 'பதிப்புரிமை' போன்ற பொதுத் தலைப்புகள், மசோதாக்களின் எண்கள், அணுகப்பட்டது மக்களவையா மேலவையா என்ற குறிப்பு. எந்த உறுப்பினரைச் சந்தித்தார்கள், எந்த வாசகத்தை அவர் மேசையில் வைத்தார்கள் என்பதைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆகவே நாம் பார்த்துத் திகைக்கும் அந்த எண் நம்முடைய கவனத்தைத் திசைதிருப்பும் எண். கடைக்காரர் மொத்தத் தொகையை மட்டும் எழுதி, வாங்கிய சரக்கின் பெயரை எழுதாமல் கொடுத்த ரசீது அது.

சரக்கு எத்தகையது என்பதை அறிய 1999ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்கு ஓர் அரிய இரண்டாம் வாய்ப்பை வழங்கியிருக்கிறது. பேரம் பேசும் வலுவற்ற இளவயதில் எழுதிக்கொடுத்துவிட்ட உரிமையை, 35 ஆண்டுகளுக்குப் பிறகு அவரோ அவருடைய வாரிசுகளோ திரும்பப் பெறலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: அப்படைப்பு 'கூலிக்குச் செய்த வேலை' என்ற வகைக்குள் வந்தால் இந்த உரிமை கிடையாது. அப்போது சட்டத்தின் கண்ணில் நிறுவனமே ஆசிரியர். எவையெல்லாம் அவ்வகையில் அடங்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒலிப்பதிவு இல்லை.

1999 நவம்பரில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி தொடர்பான ஒரு சட்டத்தின் உள்ளே அந்தப் பட்டியல் திருத்தப்பட்டது. 'ஒலிப்பதிவாக' என்று பொருள்படும் நான்கே ஆங்கிலச் சொற்கள் சேர்ந்தன. பொது விசாரணை இல்லை. விவாதம் இல்லை. 'தொழில்நுட்பத் திருத்தம்' என்று பெயர். இதன் விளைவு என்ன? 1978 முதல் பாடியவர்கள் 2013 முதல் ஒவ்வொருவராகத் திரும்பப் பெறவேண்டிய உரிமை கேள்விக்குறியானது. இனி வரப்போகும் பாடகரோ, தன் குரல் பதிவான இசைத்தட்டுக்கு ஆசிரியரே அல்லர் என்று வாதிடுவதற்கு வழி திறந்தது.

அத்திருத்தம் உருவானபோது மக்களவையின் அறிவுசார் சொத்துரிமைத் துணைக்குழுவின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் மிட்ச் கிளேசியர். சில மாதங்களில் அவர் ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தில் லாபிக்காரராகச் சேர்ந்தார். 2019இல் அதன் தலைமை நிர்வாகியானார். இதில் சட்டமீறல் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. எதையும் மீறாமலேயே இது நடக்க முடிந்தது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இசைக்கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். டான் ஹென்லி, ஷெரில் க்ரோ போன்றோர் அணிதிரண்டனர். 2000 மே மாதம் க்ரோ துணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். ஏற்கெனவே உள்ள சட்டத்தைத் தெளிவுபடுத்தியதாகவே சங்கம் முதலில் வாதிட்டது. பிறகு இறங்கிவந்தது. 2000 அக்டோபரில் அந்த நான்கு சொற்களும் நீக்கப்பட்டன. ஆனால் இங்கே கவனிக்கவேண்டியது, கலைஞர்கள் போராடியது யாரை எதிர்த்து என்பதை. இணையத்தில் பாட்டைத் திருடிய மாணவனை எதிர்த்தல்ல. தங்கள் பெயரால் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட சங்கத்தை எதிர்த்து. சங்கத்தின் உறுப்பினர்கள் பாடகர்கள் அல்லர், இசைத்தட்டு நிறுவனங்கள். இந்த எளிய உண்மையை மறைப்பதற்குத்தான் 'கலைஞர்' என்ற சொல் பயன்படுகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. அரசிடம் முறையிடுவது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தந்த உரிமை. உண்மைதான். ஆனால் முறையீடு என்பது பலரறியச் செய்வது. இருட்டறையில் வாசகத்தைச் செருகுவதற்கு முறையீடு என்று பெயரில்லை. கள்ளப்பிரதியால் தொழில் நலிந்தது என்பதும் உண்மைதான். 1999இல் அந்நாட்டில் ஏறத்தாழ 14.6 பில்லியன் டாலராக இருந்த ஒலிப்பதிவு வருவாய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. ஆனால் அந்த நான்கு சொற்கள் எந்தக் கள்ளப்பிரதியைத் தடுத்தன?

இன்னொரு வாதம் வலுவானது. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாடலை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உண்டு. பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இந்த அநீதியை எதிர்த்து இச்சங்கமும் கலைஞர்களோடு நிற்கிறது. எதிரே நிற்பது இதைவிடப் பணபலம் மிக்க ஒலிபரப்பாளர் சங்கம். இதற்கான மசோதா 2021இலும் 2023இலும் அறிமுகமாகி, இருமுறையும் சட்டமாகாமல் காலாவதியானது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உதாரணம் என் தரப்பையே உறுதிசெய்கிறது. நிறுவனத்தின் நலனும் பாடகரின் நலனும் ஒன்றாகும்போது மட்டுமே பாடகருக்கு வாஷிங்டனில் வக்கீல் கிடைக்கிறார். அப்போதும் பெரிய பணப்பை எதிரில் இருந்தால் அவர் தோற்கிறார்.

'அமெரிக்க விவகாரம் நமக்கெதற்கு?' என்று கேட்கும் இலக்கிய வாசகருக்கு ஒரு சொல். திரைப்பட, இசை நிறுவனங்கள் விரும்பியபடி 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை ஆசிரியர் மறைவுக்குப்பின் 70 ஆண்டுகளாக நீட்டியது. பிறகு அதே நிபந்தனை வணிக ஒப்பந்தங்களின் வழியாகப் பயணம் செய்தது. 2003இல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் சிங்கப்பூரும், 2022 இறுதியில் கனடாவும் 50 ஆண்டுகளை 70 ஆக்கின. அவ்விரு நாடுகளிலும் தமிழில் எழுதுகிறார்கள். டொராண்டோவில் மறையும் ஒரு தமிழ்க் கவிஞரின் அச்சில் இல்லாத தொகுப்பை, வாரிசைத் தேடி அலையாமல் மறுபதிப்புச் செய்ய நினைப்பவர் அங்கே கூடுதலாக இருபதாண்டுகள் காத்திருக்கவேண்டும்.

ஆகவே, செலவிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது வீண். யாரைச் சந்தித்தார்கள், எந்த வாசகத்தைக் கொடுத்தார்கள் என்பதை வெளியிடச் சொல்லவேண்டும். சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதிய கை எது என்று தெரியவேண்டும். படைப்பவரின் பெயர் படைப்பில் இருக்கவேண்டும் என்று ஓயாமல் முழங்குகிற ஒரு தொழில், தான் படைத்த சட்டங்களில் மட்டும் தன் பெயர் வேண்டாம் என்று அடக்கம் காட்டுவதை நாம் ஏற்கவேண்டியதில்லை.