சதுர மீற்றரால பிரிச்சால் வீடு வருமோ?

என்னோடை கிச்சினில நிக்கிற பெடியன் வீடு பாக்கிறான். பன்னிரண்டு வருசம் இரவு வேலை செய்து சேர்த்த டெப்பொசிற் கையில. போன கிழமை வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கேக்க ஃபோனை நீட்டினான்.

"அண்ணை, இரண்டும் மவுண்ட் றொஸ்கில்தான். கேக்கிற விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். பழைய பலகை வீடு 100 சதுர மீற்றர், மற்றது 190. பிரிச்சுப் பாருங்கோ, பெரிசு அரைவிலை!"

கணக்குச் சரி. (கம்பஸில இரண்டாம் வருசத்தோட விட்டிட்டு வந்தாலும் இவ்வளவு எனக்கும் தெரியும்.) ஆனா இரண்டும் ஒரு சாமான் இல்லையே. கொத்துரொட்டியையும் தோசையையும் தராசில வைச்சு எது மலிவு எண்டு ஆராவது கேக்கினமோ?

பெரிய வீடு 2001இல கட்டினது. மாடி, தட்டைக் கூரை, தாவாரம் இல்லை, வெளியில பிளாஸ்டர் பூச்சு. பாக்க நல்ல வடிவு. 1990களில இருந்து 2004 மட்டும் இங்க இப்பிடிக் கட்டின வீடுகள் ஆயிரக்கணக்கில ஒழுகினது. 1998இல இருந்து மருந்தேத்தாத பைன் மரத்தைச் சுவர்ச் சட்டத்துக்குப் போட விட்டவை. பூச்சு வெடிச்சு உள்ள போன தண்ணி காய வழியில்லாமல் மரம் உக்கிப்போச்சு. 2009இல அரசாங்கத்துக்குக் குடுத்த அறிக்கை ஒண்டு 42,000 வீடுகள், 11.3 பில்லியன் டொலர் எண்டு மதிப்பிட்டது. கட்டினவையிட்ட நட்டஈடு கேக்க 10 வருசம்தான் எல்லை. இந்த வீட்டுக்கு அது எப்பவோ முடிஞ்சுது.

அந்தப் பயத்துக்குக் கழிச்ச விலைதான் அது. சுவரை முழுக்க உரிச்சுத் திருப்பிப் போட்ட நல்ல வீடுகளும் இருக்கு, இல்லையெண்டில்லை. இதுக்கு அந்தப் பேப்பர் ஒண்டும் காட்டேல்லை.

பலகை வீட்டில காசு காணியிலதான் கிடக்கு. கவுன்சில் மதிப்பீட்டில காணிக்கு வேற, கட்டடத்துக்கு வேற எண்டு போட்டிருக்கும், அதை முதல்ல பாக்கச் சொன்னன். 2016இல வந்த ஓக்லாந்துத் திட்டத்துக்குப் பிறகு, ஒரு வளவில எத்தினை வீடு கட்டலாம் எண்டதும் விலைதான்.

ஊரில எங்கட அப்பா எத்தினை பரப்பு, கிணத்துத் தண்ணி நல்லதோ எண்டுதான் கேப்பார். வீட்டை ஆர் அளந்தது? நாற்சார் வீட்டு நடுமுற்றத்தைச் சதுர மீற்றருக்குள்ள சேர்க்கிறதோ, விடுறதோ?

பலகை வீட்டையும் நான் நம்பேல்லை. குளிர், பழைய வயறிங், சுவருக்குள்ள ஒண்டும் இருக்காது. திங்கக்கிழமை எங்களுக்கு லீவு. பில்டர் ஒராளையும் கூட்டிக்கொண்டு போறம். காசு கட்டித்தான், சும்மா இல்லை. பெடியனுக்கு அதுவே வயித்தெரிச்சல்.