பஸ் வரும், அதன் மூளை வருமா?

கலைப்பீடத்துக்காரருக்கு மோட்டரில என்ன அலுவல் எண்டு கேக்கலாம். 2022இல் டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றபோது தெருவில் நின்றது நாங்களுந்தானே.

மின்சார பஸ், லொறி என்றாலே எல்லாரும் பற்றரியைப் பற்றித்தான் கதைக்கிறோம். பற்றரி தருவது நேரோட்டம். இவற்றின் மோட்டர்கள் பெரும்பாலும் ஓடுவது ஆடலோட்டத்தில். இடையில் இருக்கும் இன்வேர்ட்டரும் அதன் மென்பொருளும்தான் கடுகண்ணாவ ஏற்றத்தில் எவ்வளவு இழுவை கொடுப்பது, இறக்கத்தில் மோட்டரையே ஜெனரேட்டராக்கி எவ்வளவு மின்னைத் திருப்பி எடுப்பது என்று தீர்மானிக்கின்றன. வண்டியின் மூளை அதுதான்.

இதைத் தனியாகச் செய்வது பெரிய கம்பனிகளுக்கும் கஷ்டம். கனடாவின் கியூபெக் மாகாண அரசுக்குச் சொந்தமான மின்சார நிறுவனம் ஹைட்ரோ கியூபெக். அது 1998இல் டிஎம்4 என்ற மோட்டர் கம்பனியைத் தொடங்கியது. 2018இல் அமெரிக்காவின் டானா அதில் 55 சதவீதத்தை வாங்கியது. டானாவிடம் அச்சுத் தொழிலும் லொறிக் கம்பனிகளின் தொடர்பும் இருந்தன. டிஎம்4இடம் மோட்டர் அறிவு இருந்தது. மீதி 45 சதவீதத்தை ஹைட்ரோ கியூபெக் அப்போது விடவில்லை. கூட்டுக்குப் போகும்போது கையில் ஏதாவது அறிவு இருக்கவேணும், அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கவும் வேணும். எங்களுக்கு இதில் பாடம் இருக்கு.

எங்களுக்கும் கூட்டு புதிதில்லை. 1982இல் உருவான லங்கா அசோக் லேலண்ட் இந்தியக் கம்பனியோடு சேர்ந்து வந்ததுதான். பஸ்களை இங்கே பொருத்தினார்கள். டீசல் எஞ்சினை கராஜ்காரர் கழற்றிப் பார்த்தே படித்தார்கள். ஆனால் மென்பொருளால் பூட்டிய இன்வேர்ட்டரைக் கழற்றினாலும் ஒண்டும் விளங்காது. ஆகவே, வெறும் பொருத்துகிற ஒப்பந்தம் இனிமேல் முந்தியளவு அறிவைக்கூடத் தராது.

அதனால் ஒப்பந்தத்திலேயே மூன்று விஷயங்களை எழுதிக் கேட்கவேணும். பழுது பார்க்கும் மென்பொருளும் கையேடும் இங்குள்ள கராஜ்களுக்குக் கிடைக்கவேணும். எங்கட மலை வீதிகளுக்கான பரிசோதனையில் மொரட்டுவ, பேராதனை, கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடங்களுக்கு இடம் வேணும். மின்சாரத்துறையும் பங்காளியாக வரவேணும்.

"சின்னச் சந்தை, யார் வருவான்?" என்று கேட்பார்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டோக்கள் பதிவாகியிருக்கிற நாடு இது. பஸ்ஸை விடச் சிறிய மோட்டர், குறைந்த வோல்ட்டளவு. கைபழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஓட்டோவில் கற்றுக்கொண்டு பஸ் பேரத்துக்குப் போனால், கேட்க எங்களுக்கும் வாய் இருக்கும்.