ஊர் கூடினால் மட்டும் தேர் நகருமா?

நம்மிடையே மேடையேறும் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்தமான உவமை, ஊர் கூடித் தேர் இழுப்பது. ஒற்றுமையைப் பற்றிப் பேசினாலும் தேர். உழைப்பைப் பற்றிப் பேசினாலும் தேர். மன்றத்துக்குச் சந்தா கேட்டாலும் தேர்தான். உவமை அழகானது. ஆனால், வடத்தைப் பிடித்த கைகள் எல்லாம் வடத்தை இழுத்த கைகள்தாமா என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

பிரெஞ்சு நாட்டு வேளாண்மைப் பொறியியலார் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் அந்தக் கேள்வியை எழுப்பினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து, இழுவிசையைக் கருவி கொண்டு அளந்தார்; முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஒருவன் தனியே இழுக்கும் ஆற்றலை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93 ஆயிற்று. மூவர் சேரும்போது 85. எண்மர் சேர்ந்தபோது 49. அதாவது, எட்டுப் பேர் மூச்சுப் பிடித்து இழுத்தும் நால்வரின் பயனே கிடைத்தது. மீதி நால்வரின் உழைப்பு எங்கே போயிற்று?

ஒரு பகுதி, இழுக்கும் நேரம் ஒன்றுபடாமையால் வீணாயிற்று. ஒருவன் இழுக்கையில் மற்றொருவன் மூச்சு வாங்குகிறான். இன்னொரு பகுதி மனத்தைச் சேர்ந்தது. 1974-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். இழுப்பவனின் கண்ணைக் கட்டி அவனை முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள். உண்மையில் இழுத்தவன் அவன் ஒருவனே. ஆயினும், துணைக்கு ஆள் உண்டு என்று நினைத்த அளவிலேயே அவன் தன் விசையைக் குறைத்துக்கொண்டான்! நம்மில் பலர் நாளை அலுவலகத்திலும் ஆலையிலும் ஆய்வுக்கூடத்திலும் பத்துப் பேரோடு ஒருவராக நிற்கப்போகிறோம். சிலர் அந்தப் பத்துப் பேருக்குத் தலைமை தாங்கவும் நேரும். நாம் படிக்கும் பாடங்களிலோ தேர்வு தனித்தனி, மதிப்பெண் தனித்தனி. கூடி உழைக்கும் கலையை யார் நமக்குச் சொல்லித் தரப்போகிறார்கள்?

அயல்நாட்டு நிர்வாக நூல்களைப் புரட்டுமுன், நம் காலடியில் இருப்பதைப் பார்ப்போம். பிழைப்பைத் தேடித் தெற்கிலிருந்து வந்து பாறசாலைப் பக்கத்தில் குடியேறிய குடும்பம் என்னுடையது. நெய்யாற்றின்கரையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், பாலராமபுரம் என்னும் ஊர் உண்டு. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் காலத்தில் உம்மிணித்தம்பியின் முயற்சியால், தமிழ் வழங்கும் தென்பகுதியிலிருந்து சாலிய நெசவாளர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள் என்பது ஊர் வரலாறு. நமக்கு இரண்டு நூற்றாண்டுகள் மூத்த குடியேறிகள் அவர்கள். மலையாளிகள் ஓணத்துக்கு உடுத்தும் கசவு வேட்டியின் புகழில், தமிழகத்திலிருந்து வந்த அந்தக் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

குழித்தறியில் ஒருவரே அமர்ந்து நெய்கிறார். ஆனால் அந்தத் தறிக்குப் பாவு வந்து சேரும் முன்னே, தெருவில் ஒரு கூட்டு வேலை நடந்தாக வேண்டும். வெயில் ஏறுமுன் பாவு நூலைத் தெரு நெடுக நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, இருபுறமும் ஆட்கள் நின்று தூரிகையால் ஒரே சீராக நீவிச் செல்கிறார்கள். அறுந்த இழையைக் கண்டவர் அங்கேயே முடிச்சிடுகிறார். கஞ்சி காயும் முன் வேலை முடிய வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் நூல் ஒட்டிக்கொள்ளும், பாவு கெடும்.

இந்தத் தெருவில் ரிங்கெல்மன் கண்ட நட்டத்துக்கு இடம் மிகக் குறைவு. ஏன்? ஒவ்வொருவருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் அவர் செய்த வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கூட்டத்தில் ஒளிய வழியில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அறுந்த இழையைக் காட்டுவது அங்கே குற்றமன்று. காட்டாமல் விடுவதே குற்றம். தறியில் ஏறிய பிறகு தெரியும் அறுப்பைவிடத் தெருவில் தெரியும் அறுப்பு மலிவானது என்பதை நெசவாளர் அறிவார்.

படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்த அறிவு இருக்கிறதா? நான் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், வெற்றிடத்தை அளக்கும் மானி ஒன்று ஏறத்தாழ இரண்டு மாதம் தவறான அளவைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே பணிபுரிந்த இளையவர் இருவருக்கு அது தெரியும். ஆனால் அவர்கள் வாய் திறக்கவில்லை. முன்பு ஒரு குறையை எடுத்துச் சொன்ன மாணவரை, அந்தக் குறைக்கே அவர்தான் காரணம் என்பதுபோல எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள். இரண்டு மாத உழைப்பும் குப்பைக்குப் போயிற்று. கருவி கெட்டதனாலா இந்த நட்டம்? கருவி கெடுவது இயல்பு. அந்தச் செய்தி தலைவரின் காதுக்குப் போகும் வழி அடைபட்டதே நட்டத்துக்குக் காரணம்.

இந்த வழி எவ்வாறு திறக்கும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே பெரிய சான்று உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் சென்றது. அதன்பின் அங்கே வளர்ந்த விண்வெளி நிலையத்தில்தான் எஸ்.எல்.வி.-3 உருவாயிற்று. திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1979 ஆகஸ்டு 10 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எழுந்த அந்த ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவே காரணம் எனக் கண்டார்கள். ஏவுமுன் கணிப்பொறி எச்சரித்ததையும், வல்லுநர்களின் சொல்லை நம்பித் தாம் அதை மீறி ஏவ முடிவு செய்ததையும் கலாமே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று பத்திரிகையாளர்களின் முன்னே போய் அமர்ந்தவர் கலாம் அல்லர். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்றுத் தம் குழுவின்மீது நம்பிக்கை தெரிவித்தார். 1980 சூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி தவான் கலாமை அனுப்பினார்.

இந்த நிகழ்ச்சியைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே எல்லோரும் சொல்லுகிறார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். தோல்விக்குப் பிறகு ஒரு குழுவுக்கு முதல் தேவை உண்மை. எந்த வால்வு அடைத்தது, எவர் எந்த அளவைப் பார்த்தார், எவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்ற செய்திகள் அத்தனையும் மேசைக்கு வந்தாக வேண்டும். தன் வேலை போய்விடும் என்று அஞ்சுபவன் இவற்றைச் சொல்வானா? பழியைத் தலைவர் தம் தோளில் ஏற்றிக்கொண்டால், கீழே இருப்பவர்களுக்கு உண்மை பேசும் துணிவு பிறக்கிறது. ஆதலால் தவான் செய்தது நல்லொழுக்கம் மட்டுமன்று; நல்ல பொறியியலும் ஆகும்.

“தவானைப் போன்ற தலைவர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்லவர் வரும்வரை காத்திருக்கும் குழு, மழை வரும்வரை காத்திருக்கும் வயலைப் போன்றது. அதனால்தான் தலைவரின் குணத்தை மட்டும் நம்பாமல் முறையை நம்ப வேண்டும் என்கிறேன். நாம் அடிக்கடி போய் அமரும் இந்தியன் காபி ஹவுசைப் பாருங்கள். 1957-ஐ ஒட்டிக் காபி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். கேரளத்தில் 1958-இல் திருச்சூரில் அவர்களுடைய முதல் கடை திறந்தது. பரிமாறுபவரும் உடைமையாளர், நிர்வாகக் குழுவைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தில் தலைப்பாகையோடு காபி கொண்டுவந்து வைப்பவர், தம் கடையில் தாமே உழைக்கிறார். எவர் தலைவராக வந்தாலும் பேச்சுரிமையையும் பங்கையும் சங்கத்தின் விதி காக்கிறது.

பங்கு என்று சொன்னதும் மறுபடியும் பாலராமபுரத்தை நினைக்க வேண்டியிருக்கிறது. அத்தனை செம்மையான கூட்டு வேலை நடக்கும் அந்தத் தெருக்களில் இன்று தறிகள் குறைந்து வருகின்றன. விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரில் விற்கப்படுகிறது; நெசவாளருக்குக் கிடைக்கும் கூலியோ பிள்ளைகளைத் தறிக்கு அழைக்கப் போதுமானதாக இல்லை. இடம் குறித்தாயிற்று, குறையைச் சொல்லும் உரிமையும் உண்டு, ஆனால் பயனில் உரிய பங்கு இல்லை. அப்போது எவ்வளவு சிறந்த குழுவும் மெல்லக் கலைந்துவிடும். ‘குழு உணர்வு வேண்டும்’ என்று ஊழியருக்கு உபதேசம் செய்யும் முதலாளிகள், முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு மாநிலம், இப்பால் ஒரு மாநிலம். 1979-இல் நாகர்கோவில் ரயில் பாதை வந்தபின், பாறசாலை நிலையத்தில் காலை வண்டி ஏறித் தலைநகருக்கு வேலைக்குப் போவோரில் இரு மொழியினரும் கலந்திருக்கிறார்கள். ஆனால் வேலையிடத்தில் உணவு வேளை வந்தால் தமிழர் ஒரு மேசை, மலையாளிகள் ஒரு மேசை. முக்கியமான செய்தி பல வேளைகளில் அலுவல் கூட்டத்தில் பிறப்பதில்லை. உணவு மேசையில்தான் பிறக்கிறது. இரண்டு மேசை ஆனால் செய்தியும் இரண்டாகும். தமிழில் பேசுவது நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மலையாளத்தைப் பிழையின்றிப் பேசவும் எழுதவும் கற்றுக்கொள்வோம் என்கிறேன். மலையாளம் கற்பது தமிழை இழப்பதன்று. தமிழ் ஊழியரின் சொல்லைப் பொறுமையோடு கேட்கும் கடமை மலையாள நண்பர்களுக்கும் உண்டு. இருவருக்கும் நடுவே நின்று அதைச் செய்விப்பது தலைவரின் வேலை.

“இவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்? கண்டிப்பான ஒருவர் ஆணையிட்டால் போதும்” என்று சொல்வாரும் உளர். தீ பிடித்த வீட்டில் ஆணை வேண்டியதுதான். ஆனால் எல்லா நாளும் தீ பிடித்த நாளன்று. ஆணையால் மனிதர்களை வரிசையில் நிறுத்தலாம். அவர்கள் கண்ட குறையை ஆணையால் வெளிக்கொணர முடியாது. முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கலாம்; முடிவெடுக்குமுன் பார்த்த கண்கள் பலவாக இருக்க வேண்டும்.

நண்பர்களே, இதையெல்லாம் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். நம் மன்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு விழாவுக்கு நாற்பது பேர் பெயர் கொடுக்கிறார்கள். நாற்காலி சுமப்பவர்கள் நான்கு பேர். மாலை வாங்குபவர் ஒருவர். ரிங்கெல்மன் வந்து பார்த்தால் தம் அட்டவணைக்கு இன்னொரு வரி சேர்த்துக்கொள்வார்.

இந்த ஆண்டு முதல் மூன்று செயல்களைச் செய்து பார்க்கலாம். விழாவுக்கு முன்னே, இன்ன வேலை இன்னாருடையது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். முதலாண்டு மாணவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு வேலை இருக்கட்டும். விழா முடிந்த மறுவாரம் கூடிக் குறைகளைப் பேசுவோம். தலைவரும் செயலாளரும் தங்கள் குறையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவர் பேச இடம் தரட்டும். ஆண்டறிக்கையில் உழைத்தவர் எல்லாருடைய பெயரும் வரட்டும். தலைவரின் பெயர் கடைசியில் வரட்டும்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் முன்வந்தால் போதும்.