தழும்பை அளக்க வேண்டாம்



நாய், பூனை பற்றி ஒரு பக்கம் எழுதினால் போதும், மறு வாரமே கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. அரசியல் கட்டுரைக்கு வராத கோபம்கூட நாய்க் கட்டுரைக்கு வருகிறது. இந்த முறை வந்தவற்றில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. பெட்டை நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யலாம் என்று போனால், “சாதாரணமாகச் செய்யவா, லேப்ராஸ்கோப்பியில் செய்யவா?” என்று டாக்டர் கேட்கிறாராம். இரண்டாவதற்குச் செலவு பல மடங்கு. “மனுஷங்களுக்குச் செய்யறதை நாய்க்குக் காட்டிப் பணம் பறிக்கிறாங்களா சார்?” என்று மதுரை வாசகர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

அவருக்கு முதலில் ஒரு பழங்கதை. இது மனிதரிடமிருந்து நாய்க்கு வந்த வித்தை இல்லை. நாயிடமிருந்து மனிதருக்குப் போனது. 1901-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர் கெயோர்க் கெல்லிங், ஹாம்பர்க்கில் கூடியிருந்த மருத்துவர்கள், விஞ்ஞானிகள் முன்னால் உயிருள்ள ஒரு நாயை மேசையில் கிடத்தினார். பஞ்சில் வடிகட்டிய காற்றை அதன் வயிற்றுக்குள் செலுத்தி உப்ப வைத்தார். மூத்திரப்பையைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட குழாய்க் கருவியைச் சிறு துளை வழியாக நுழைத்து, வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டினார். வரலாற்றில் பதிவான முதல் லேப்ராஸ்கோப்பி அதுதான். மனிதரிடம் இதைச் செய்துபார்த்து ஸ்டாக்ஹோமின் யாக்கோபேயஸ் எழுதியது 1910-ல். மனிதரின் பித்தப்பையை முதன்முதலாக இந்த வழியில் எடுத்தது 1985-ல், அதுவும் ஜெர்மனியில்தான். அதே 1985-ல் அமெரிக்காவில் வைல்ட், லாலர் என்ற இருவர் பெண் நாய்க்கும் பூனைக்கும் லேப்ராஸ்கோப்பியில் கருத்தடை செய்து கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கருப்பையின் இரண்டு கொம்புகளையும் அடைத்தார்கள்; சினைப்பையைத் தொடவில்லை. குட்டி பிறக்காது, ஆனால் ஹீட் எனப்படும் இணைசேரும் பருவம் வந்துகொண்டுதான் இருக்கும். தெருவிலுள்ள கடுவன்கள் வாசலில் காவல் இருப்பதும் நிற்காது. இன்று நம் ஊரில் செய்வது அதுவல்ல, சினைப்பையையே எடுத்துவிடுகிறார்கள்.

சரி, செலவுக்கு வருவோம். கூடுதல் பணம் எதற்கு?

தழும்பு சின்னதாக இருக்கும் என்பதற்காக என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நாய் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பார்க்கப் போவதில்லை. விஷயம் உள்ளே இருக்கிறது. பெட்டை நாயின் சினைப்பைகள் சிறுநீரகத்துக்குப் பின்னால், முதுகை ஒட்டி, ஆழத்தில் இருக்கின்றன. கடைசி விலா எலும்புப் பக்கமாக ஒரு முரட்டுத் தசைநார் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. வழக்கமான ஆபரேஷனில் தொப்புளுக்குக் கீழே நடுவயிற்றில் கீறி, கருப்பையின் கொம்பைப் பிடித்து, அதன் வழியே சினைப்பையை எட்டி, வெளியே தெரியும் அளவுக்கு இழுக்க வேண்டும். தசைநார் விடாது. டாக்டர் விரலால் அதைத் தளர்த்துவார், தேவைப்பட்டால் பிய்ப்பார். மயக்கத்தில் இருக்கும் நாயின் இதயத்துடிப்பு சட்டென்று ஏறுவது அந்த நொடியில்தான். மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்கள் இந்தக் கட்டத்துக்கு முன்பே தயாராக இருப்பார்கள். விழித்த பிறகு நாய் முதுகை வளைத்துக்கொண்டு நிற்பதில் தோல் கீறலுக்கு இருக்கும் பங்கைவிட, உள்ளே நடந்த இந்த இழுபறிக்குப் பங்கு அதிகம்.

லேப்ராஸ்கோப்பியில் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான இரண்டு அல்லது மூன்று துளைகள். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குகிறார்கள். காற்றைவிட இது எளிதாக ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். உள்ளே சூட்டுக்கருவி வேலை செய்யும்போது தீப்பற்றாது. கேமரா ஒரு துளையில், கருவி இன்னொன்றில். நாயை ஒரு பக்கமாகச் சாய்த்தால் குடல் விலகி, மறைந்திருந்த சினைப்பை திரையில் பெரிதாகத் தெரியும். இருந்த இடத்திலேயே அதைப் பிடித்து, ரத்தக்குழாயைச் சூட்டால் அடைத்து, தசைநாரையும் அப்படியே அறுத்துத் துளை வழியாக எடுத்துவிடுவார்கள். பிறகு அடுத்த பக்கம். இழுப்பதும் பிய்ப்பதும் இல்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

“நாய்க்கு வலி குறைவு என்பதை நாய் சொன்னதா?” என்று கேட்கும் வாசகர்களும் நமக்கு உண்டு. ஒருவகையில் சொல்லியிருக்கிறது. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 10 கிலோவுக்குக் குறைவான சின்ன நாய்களின் கழுத்துப்பட்டையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டினார்கள். ஆபரேஷனுக்கு முன்பு எவ்வளவு நடமாடின, பின்பு எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். வயிற்றைத் திறந்து செய்த நாய்களின் நடமாட்டம் 62 சதவீதம் குறைந்தது. லேப்ராஸ்கோப்பியில் செய்தவற்றுக்கு 25 சதவீதம். ஆய்வில் இருந்த நாய்களின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் நாயின் முகத்தைப் பார்த்து மனிதர் போட்ட மதிப்பெண்ணைவிட அதன் கால் சொன்ன கணக்கை நான் நம்புகிறேன்.

அதற்காக எல்லோரும் இதையே செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சினைப்பை எளிதாகக் கைக்கு வரும். பழகிய டாக்டர் விரல்நுனி அளவு கீறலில் வேலையை முடித்துவிடுவார். அங்கே கேமராவால் கிடைக்கும் லாபம் குறைவு. லேப்ரடார், ராஜபாளையம் மாதிரி ஆழ்ந்த மார்பும் பெரிய உடம்பும் உள்ள நாய்களுக்குத்தான் பலன் அதிகம். கிரேட் டேன் போன்ற இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவற்றுக்கு இதே மயக்கத்தில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடவும் முடியும். கருப்பையில் சீழ் பிடித்து வீங்கியிருந்தாலோ, சினை முற்றியிருந்தாலோ பழைய முறைதான் சரி.

கருவி இருப்பதாலேயே கையும் பழகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். முதல் துளை போடும்போது மண்ணீரலில் குத்திவிடுவது இந்த முறையில் தெரிந்த விபத்து. வாயு உள்ளே ஏறினால் உதரவிதானம் அழுந்தி நாய் மூச்சுவிடத் திணறும். அதற்குச் செயற்கைச் சுவாசக் கருவியும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கருவியும் வேண்டும். ஆகவே டாக்டரிடம் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மயக்கத்தைப் பார்த்துக்கொள்ள தனியாக ஒருவர் இருப்பாரா? நடுவில் ரத்தம் கசிந்தால் உடனே வயிற்றைத் திறக்க எல்லாம் தயாரா? வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வலி மருந்து என்ன? கேள்வி கேட்டால் கோபப்படும் டாக்டரைவிட, “இந்தக் கருவியில் எனக்குப் பழக்கம் குறைவு, பழைய முறையிலேயே நன்றாகச் செய்துதருகிறேன்” என்று சொல்பவரிடம் என் வீட்டு நாயைத் தயங்காமல் ஒப்படைப்பேன்.

சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டுக் கருப்பையை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வாசகி பதறியிருந்தார். அம்மா, பயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் செய்கிறார்கள். சினைப்பையின் ஹார்மோன் நின்றுவிட்டால் கருப்பை சுருங்கிவிடும். சினைப்பையின் துணுக்கு எதுவும் உள்ளே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இதைவிடக் கவலை தந்த கடிதங்கள் வேறு. “ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்” என்று காத்திருப்பவர்கள். ஹீட் வராமல் இருக்க ஊசி போட்டுச் சமாளிப்பவர்கள். ஒரு பிரசவம் பார்த்தால் நாயின் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஊசியோ கருப்பையில் சீழ் பிடிக்க வழி செய்கிறது. அப்படிச் சீழ் பிடித்தால், ஹீட் முடிந்து சில வாரங்களில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும். சில நாய்களுக்குப் பின்பக்கம் சீழ் வடியும். கருப்பை வாய் மூடியிருந்தால் அதுவும் தெரியாது, ஆபத்து இன்னும் அதிகம். ஸ்வீடனில் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. அங்கே காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் பெட்டை நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் வந்திருந்தது தெரிந்தது. நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் அந்த ஆபரேஷனின் செலவையும், பிழைக்குமா என்ற தவிப்பையும் பார்த்தவர்கள் “ஒரு தடவையாவது” என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள்.

மடிக் கட்டியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் கட்டி வரும் வாய்ப்பு 0.5 சதவீதமாகக் குறையும் என்று பலரும் சொல்லும் எண் 1969-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. 2012-ல் இது பற்றிய ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்தவர்கள், ஆதாரம் பலவீனம் என்றார்கள். பெரிய இன நாய்களுக்கு மிக இளம் வயதில் செய்தால் மூட்டுத் தொல்லை, பிற்காலத்தில் சிறுநீர்க் கசிவு வரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எனவே எந்த மாதத்தில் செய்வது என்பதை இனத்தையும் எடையையும் பார்க்கும் உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

தெருநாய்களுக்கும் லேப்ராஸ்கோப்பி செய்யலாமே என்று ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் அங்கே சிறு கீறல் என்றைக்கோ வந்துவிட்டது அம்மா. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விட்டுவிடும் வேலையைச் சென்னை புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கியது. மாநகராட்சி அதற்கு இணங்கி வர 1996 ஆயிற்று. 2001-ல் அது நாடு முழுவதற்கும் விதியானது. நம் நாட்டுக் கருத்தடை முகாம்கள் பலவற்றில் நடுவயிற்றைத் தொடாமல் வலது விலாப்புறத்தில் ஓர் அங்குலத்துக்குள் கீறி, கொக்கி போட்டுக் கருப்பையை எடுக்கிறார்கள். வலது சினைப்பைதான் இன்னும் முன்னால், எட்டாத இடத்தில் இருக்கும்; அதனால் அந்தப் பக்கம். பால் கொடுக்கும் தாயாக இருந்தாலும் மடியில் கத்தி படாது. விட்ட பிறகு காயத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கேமரா இல்லை, வாயு இல்லை, பழகிய கை மட்டும். உள்ளே இழுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நாளில் எத்தனையோ நாய்களுக்குச் செய்ய வேண்டிய இடத்தில் இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. அங்கே குறையாக இருப்பது பெரும்பாலும் வலி மருந்தும் சுத்தமான கூண்டும்தான். நன்கொடை கொடுப்பவர்கள் அதற்குக் கொடுக்கலாம்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. லேப்ராஸ்கோப்பியில் ஒரு சங்கடம்: மறுநாளே நாய்க்குத் தனக்கு ஆபரேஷன் நடந்ததே மறந்துவிடும். சோபாவில் தாவும், மாடிப்படி ஏறும். தோல் சேர்ந்திருந்தாலும் உள்தையல் சேர நாளாகும். பத்து நாள் கயிற்றோடுதான் வெளியே, குளியல் கிடையாது, கழுத்துக் கூம்பைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சும் கண்களைப் பார்க்காதீர்கள். பிறகு சாப்பாடு. ஹார்மோன் நின்றபின் உடம்புக்குத் தேவைப்படும் தீனி குறைகிறது, பசி கூடுகிறது. தட்டில் கால் பங்கு குறைத்துப் பாருங்கள், மாதம் ஒருமுறை எடை போடுங்கள். “ஆபரேஷன் பண்ணினதால குண்டாயிட்டா” என்று வந்த கடிதங்களில், தயிர்சாதத்தை யார் ஊட்டினார்கள் என்ற விவரம் மட்டும் இல்லை.

கடுவன்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். அந்த ஆபரேஷன் எளிது. வீட்டு ஆண்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். நாய்ப் படங்கள் ஏற்கெனவே நிறைய வந்திருக்கின்றன, பூனை வைத்திருப்பவர்கள்தான் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்