பாதுகாப்பு காரிடார் வரைபடத்தில் விழுப்புரம் இல்லை... ராணுவ ஆராய்ச்சி ஒப்பந்தத்துக்குப் போட்டி போட முடியுமா?

சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரி 20-ம் தேதி திருச்சியில் அப்போதைய பாதுகாப்புத்துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்தபோது, பட்டியலில் இருந்தது இந்த ஐந்து ஊர்கள்தான். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே, நெடுஞ்சாலை மேலேயே இருக்கும் திண்டிவனமும் விழுப்புரமும் அதில் இல்லை. திண்டிவனம் சிப்காட்டுக்கு உணவுப் பூங்கா வந்தது. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் டைடல் நியோ பார்க் திறக்கப்பட்டது. அதுவும் ஐ.டி. கம்பெனிகளுக்குத்தான்.

அப்படின்னா, விழுப்புரத்தில் லேத் பட்டறை நடத்துறவரோ, திண்டிவனத்தில் ட்ரோன் செய்து பார்க்கும் இன்ஜினீயரிங் மாணவரோ ராணுவத்துக்கான ஆராய்ச்சி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாதா?

முடியும். காரிடார் என்பது நிலம், சலுகை, சோதனை வசதி சம்பந்தப்பட்ட விஷயம். ஆராய்ச்சி ஒப்பந்தத்துக்கான தகுதி விதிகளில் எந்த ஊர் என்று ஒரு வரிகூட கிடையாது. ஆனால் வேறு சில கேள்விகள் இருக்கு. பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

எத்தனை கதவு இருக்கு?

முக்கியமாக இரண்டு. ஒன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஐடெக்ஸ்'. 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தது. முப்படைகளும் தங்களுக்கு என்ன பிரச்னை என்று சவால்களாக வெளியிடுவார்கள். தீர்வு வைத்திருப்பவர்கள் போட்டியிடலாம். படைகள் கேட்காத யோசனையைக் கொண்டு வருபவர்களுக்கு 'ஓப்பன் சேலஞ்ச்' தனியாக உண்டு. சாதாரண சவாலுக்கு 1.5 கோடி ரூபாய் வரை, 'ஐடெக்ஸ் பிரைம்' என்றால் 10 கோடி வரை, 2024 மார்ச்சில் வந்த 'அதிதி' திட்டத்தில் 25 கோடி வரை மானியம்.

இன்னொன்று, டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி. ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு 10 கோடியாக இருந்தது, 2022-ல் 50 கோடியாக உயர்ந்தது. அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 சதவீதம் தனியார் தொழில்துறை, ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

முதல் தடை: போர்டில் என்ன பெயர்?

விழுப்புரம் மாதிரி ஊர்களில் பெரும்பாலான பட்டறைகள் 'புரொப்ரைட்டர்' கடைதான். உரிமையாளர் பெயரில் ஜி.எஸ்.டி., அவர் பெயரிலேயே கரன்ட் அக்கவுன்ட். உத்யம் சான்றிதழும் வாங்கி வைத்திருப்பார். (உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஏஜென்ட் காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.) உத்யம் இருக்கே, நாமும் எம்.எஸ்.எம்.இ. தானே, ஐடெக்ஸுக்குப் போடலாம் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் ஐடெக்ஸ் விதி கேட்பது மூன்றில் ஒன்று. மத்திய தொழில் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப். அல்லது கம்பெனிகள் சட்டத்தில் பதிவான, எம்.எஸ்.எம்.இ. வரையறைக்குள் வரும் இந்திய நிறுவனம். அல்லது தனிநபர் கண்டுபிடிப்பாளர். புரொப்ரைட்டர் கடை கம்பெனிகள் சட்டத்தில் பதிவானது இல்லை. அதற்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவு செய்த பங்குதாரர் நிறுவனம் போன்றவற்றுக்குத்தான் அது. 2019 அறிவிக்கையின்படி தொடங்கி 10 ஆண்டுக்குள் இருக்கணும், ஆண்டு வருமானம் 100 கோடியைத் தாண்டியிருக்கக் கூடாது என்று விதி இருந்தது.

ஆக, 20 வருஷமாகத் தொழில் தெரிந்த பட்டறைக்காரர் அப்படியே போனால் மூன்றாவது வாசலில்தான் நிற்கணும்: கடையாக அல்ல, தனிநபராக. நேற்று கம்பெனி பதிவு செய்த கல்லூரிப் பையன்கள் முதல் வாசலில் போய்விடுவார்கள். இதில் திறமைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, பதிவு வடிவம்தான் காரணம். விதியை எழுதியவர்கள் மனதில் பெங்களூரு அலுவலகம் இருந்திருக்கும், நம்ம ஊர் பட்டறை இருந்திருக்காது.

டி.ஆர்.டி.ஓ. நிதி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பங்குதாரர் நிறுவனம் மட்டுமல்ல, புரொப்ரைட்டர் நிறுவனமும் போட்டியிடலாம். உரிமையும் கட்டுப்பாடும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களிடம் இருக்கணும், வெளிநாட்டு முதலீடு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திண்டிவனம் பட்டறைக்கு அது ஒரு பிரச்னையே இல்லை.

இரண்டாவது தடை: பாதிப் பணம் யாருடையது?

செய்தித் தலைப்புகளில் '1.5 கோடி மானியம்' என்று வரும். கூடவே வரும் நிபந்தனை பெரும்பாலும் கண்ணில் படாது. ஐடெக்ஸ் மானியம் திட்டச் செலவில் பாதி வரைதான். மீதிப் பாதி விண்ணப்பதாரர் பங்கு. 3 கோடி ரூபாய் திட்டம் என்றால் 1.5 கோடி கையிலிருந்து காட்டணும். அரசுப் பணமும் மொத்தமாக வராது, வேலை முடிய முடிய தவணையாகத்தான் வரும்.

சென்னையில் முதலீட்டாளர் பின்னால் இருக்கும் கம்பெனிக்கு இது சமாளிக்கக்கூடிய தொகை. விழுப்புரத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்து மெஷின் வாங்கியவருக்கு? மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். தரும் 'டான்சீட்' விதை நிதி 10 முதல் 15 லட்சம் வரைதான். இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

இந்த மாதிரித் திட்டங்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் அமெரிக்காவின் எஸ்.பி.ஐ.ஆர். திட்டம் 1982 சட்டத்தில் வந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யாத நிறுவனம், பாதிக்கு மேல் உரிமை உள்நாட்டவரிடம் என்று அங்கேயும் தகுதி வரம்பு உண்டு. ஆனால் யோசனை சரிவருமா என்று பார்க்கும் முதல் கட்டத்தில் சிறு நிறுவனத்திடம் கைக்காசு கேட்பதில்லை. டி.ஆர்.டி.ஓ. நிதி அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது: செலவில் 90 சதவீதம் வரை அரசே தரும். பதிலுக்கு, உருவாகும் அறிவுசார் சொத்துரிமை டி.ஆர்.டி.ஓ.வுக்கும் நிறுவனத்துக்கும் கூட்டாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன்பு இந்த ஷரத்தை வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கணும்.

சோதனை எங்கே செய்வது?

செய்த பொருள் படையின் தரத்தில் நிற்குமா என்று நிரூபிக்காமல் அடுத்த கட்டம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ட்ரோன் சோதனை மையம் அமைக்க, கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான குழுவுடன் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இதற்கான திட்டத்தில் 75 சதவீதம் வரை மத்திய அரசு மானியம். திண்டிவனத்திலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம். காரிடாரில் இல்லாத ஊருக்கு காரிடாரால் கிடைக்கக்கூடிய நேரடிப் பலன் இதுதான்.

மாணவர்களுக்கு?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஐடெக்ஸில் தனிநபர் கண்டுபிடிப்பாளர் பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம். பட்டறைக்காரருக்குக் கம்பெனிப் பதிவு இல்லை, கல்லூரிக்கு லேத்தும் அனுபவமும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு எல்.எல்.பி. தொடங்கினால் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஓடும் பட்டறையை அப்படியே பெயர் மாற்றிக் காட்டினால் செல்லாது. இருக்கிற தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கும் நிறுவனம் ஸ்டார்ட்அப் ஆகாது என்று அதே 2019 அறிவிக்கை சொல்கிறது. பட்டறை பட்டறையாகவே இருக்கட்டும். புது யோசனைக்கு மட்டும் புது நிறுவனம், தனிக் கணக்கு என்று ஆரம்பிப்பதுதான் வழி. சவால் அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.