ஓடுகிற வீட்டுக்கு ஒரு கதவு

வீட்டுக் கதவு வைத்த இடத்தில் நிற்கும். வேனுக்குள் இருக்கிற கதவு மணிக்கு அறுபது கிலோமீட்டரில் நம்மோடு திருமங்கலம் வரும். இது தெரியாமல் வேனை வீடாக்குகிறவர்கள் படுகிற பாடு இருக்கிறதே!

நண்பர் ஒருவர் பழைய வேன் வாங்கி, கட்டில், காஸ் அடுப்பு, மூலையில் ஒரு கக்கூஸ் என்று சகலமும் வைத்து 'கேரவன்' ஆக்கிவிட்டார். சினிமாக்காரன் மட்டும்தான் வெச்சுக்கணுமா என்பது அவர் கட்சி. (வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்; மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. வாங்கியிருந்தார். உத்தமர்!) கக்கூஸ் கதவு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் தானே திறந்து, உள்ளே இருப்பவரை ஊருக்கு அறிமுகப்படுத்தியது. கப்பலூர் டோல்கேட்டுக்குள் அவர் மச்சினருக்கு மூன்று முறை அறிமுகம்.

எனக்குத் தெரிந்த ஆசாரியை அழைத்துப் போனேன். பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், கல்யாண மண்டபத்துக் கதவை மாட்டியிருக்கீக! இம்புட்டு கனமும் ரெண்டு கீல்ல தொங்குது. குலுங்கக் குலுங்க ஸ்க்ரூ மரத்தைத் தின்னுரும்ல?"

கனத்த பிளைவுட் போய் லேசான பலகை வந்தது. இரண்டு கீலுக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை ஒரே நீளக் கீல். பியானோ கீல் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் தருவார்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் ஊடுருவிப் போகிற போல்ட். ஆட்டத்தில் கழலாத நைலான் நட். மேடுபள்ளத்தில் வண்டியின் கூடே லேசாக முறுக்கிக்கொள்ளும். அதனால் நிலையை ஒட்டிக் கதவு செய்தால் இறுகிவிடும். சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு ரப்பர் பீடிங் ஒட்டினார். காந்தப் பிடிப்பை, "இது பீரோவுக்குத்தேன்" என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திருகு தாழ்ப்பாள் வைத்தார். திறந்த கதவு ஆடி விரலை நசுக்காமலிருக்கச் சுவரில் ஒரு கொக்கி.

ஸ்லைடிங் கதவு போடலாமே என்றார் நண்பர். போடலாம், பிரேக் அடிக்கும்போது அதுவும் டிரைவரைப் பார்க்க ஓடி வரும். இரண்டு பக்கமும் பூட்டு வேண்டும்.

எனக்குப் பிடித்தது கடைசி வேலைதான். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். தாழ்ப்பாளை வெளியிலிருந்து காசை வைத்துத் திருகலாம். "உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா, கதவை எப்புடித் தள்ளுவீக?"

அப்புறம் வேனின் பின்கதவைப் பார்த்தார். திருட்டுப் பயத்தில் நண்பர் உள்பக்கமாக ஒரு பெரிய பூட்டு தொங்கவிட்டிருந்தார். சாவி டிரைவர் சீட்டுக்கடியில்.

"இதையும் கழட்டிருங்க சார்."

நண்பர் முனகினார். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில், மதுரை ரயில்வே யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததைச் சொன்னேன். விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டர். வட இந்திய யாத்ரீகர்கள் ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டு இப்போது அவர் வீட்டு மொட்டை மாடிக் கதவில் தொங்குகிறது.