அஞ்சு புள்ளி ஒன்பதும் ஒரு எம்.இ. அப்ளிகேஷனும்

போன மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரர் "தம்பி என்ன பண்றீங்க?"ன்னு கேட்டார். "சாஃப்ட்வேர்ல இருக்கேன். வேலையை விட்டுட்டு எம்.இ. படிக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னேன். ரசம் ஊத்திக்கிட்டு வந்த சித்தப்பா கரண்டியை அந்தரத்துல நிறுத்திட்டு, "பி.இ.யையே நாலரை வருஷம் படிச்சவன்டா நீ"ன்னார். மொத்தப் பந்தியும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய, அவர் சொன்னதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.

ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அந்தச் சிரிப்புக்கு அன்னிக்குச் சொல்ல முடியாத பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க மக்கா.

முதல்ல வாக்குமூலம். 2014-ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன், 2018-ல முடிச்சிருக்கணும். கடைசி அரியர் 2018 நவம்பர் பரிட்சையிலதான் போச்சு. மொத்தம் ஒன்பது அரியர். சிஜிபிஏ 5.9. எங்க ரெகுலேஷன்ல 50 மார்க் எடுத்துத் தேறினாலே அஞ்சு பாயிண்ட் குடுத்துடுவாங்க. அதாவது, பாஸ் ஆனவங்க நிக்கிற படிக்கட்டுல நான் அடியில இருந்து முதல் படியைக் கூட முழுசா ஏறல. முதல் வகுப்புக்கு 6.5 வேணும்.

இந்த நம்பர் எங்கெல்லாம் குறுக்க வருதுன்னு பாருங்க. கேம்பஸ் இன்டர்வியூல 60 சதவீதம் கேட்டாங்க, நான் வாசல்லயே நின்னேன். ஏழெட்டு மாசம் அலைஞ்சு ஒரு சின்னக் கம்பெனியில 12,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். அப்புறம் வேலை மாறினேன், சம்பளம் ஏறிச்சு, சிஜிபிஏவை யாரும் கேட்கறதையே விட்டுட்டாங்க. சரி, தொலைஞ்சுதுன்னு நினைச்சேன். மேல படிக்கலாம்னு நினைச்ச அன்னிக்கு அந்த நம்பர் திரும்ப வந்து எதிர்ல நின்னுச்சு.

என்.ஐ.டி.களுக்கான எம்.டெக் கலந்தாய்வுல பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 6.5 சிஜிபிஏ அல்லது 60 சதவீதம் இருக்கணும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 6.0 அல்லது 55. சரி, ஜெர்மனி போவோம்னா அங்க நம்ம மார்க்கை அவங்க கணக்குக்கு மாத்த ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க. ஒண்ணு வாங்கினா பிரமாதம், நாலு வாங்கினா தப்பிச்சோம் பிழைச்சோம். என் 5.9-ஐ அதுல போட்டா 3.46 வருது. நிறைய மாஸ்டர்ஸ் கோர்ஸ்ல 2.5-க்குள்ள கேட்கறாங்க, அது நம்ம கணக்குல 7.5. அமெரிக்காவுல நாலுக்கு மூணு எதிர்பார்க்கறது வழக்கம். உலகம் முழுக்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்கறாங்க: "எவ்வளவு எடுத்தே?"

"ஏன் அவ்வளவுதான் எடுத்தே?"ன்னு ஒருத்தரும் கேட்கறதில்ல. என் பிரச்சினையே இங்கதான் இருக்கு.

நான் சொல்றேன் ஏன்னு. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். முதல் நாள் எம் ஒன் கிளாஸ்ல அவர் ஐகன் வேல்யூ ஐகன் வெக்டர்னு போய்க்கிட்டே இருந்தார். அணிக்கோவை எனக்கு நல்லாத் தெரியும், ஆனா அவர் சொல்ற டிடர்மினன்ட்தான் அந்த அணிக்கோவைன்னு புரியவே ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்குள்ள பாடம் எங்கயோ போயிடுச்சு. முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர்.

இதோட நிறுத்தினா நல்ல சோகக் கதை. ஆனா உண்மை அதோட நிக்கல. மூணாவது செமஸ்டர்ல இங்கிலீஷ் ஓரளவு பிடிபட்டுடுச்சு. அதுக்கப்புறம் போன ஏழு அரியருக்கு மீடியம் காரணம் இல்ல, நான்தான் காரணம். அரியர் இருக்கறவன் முதல் பெஞ்சுல உட்கார்ந்தா பசங்க ஓட்டுவாங்க. சந்தேகம் கேட்டா "நீ முதல்ல எம் ஒன்னை முடி"ம்பாங்க. அதுக்கு பயந்து கிளாஸையே கட் அடிச்சேன். தெரியாததை விட, தெரியாதுன்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சிடுமோங்கற பயம்தான் என்னைக் கவுத்துச்சு. என் மார்க் ஷீட்டுல இருக்கற 5.9-ல பாதி மொழி, மீதி வெட்கமும் சோம்பலும். ஆனா அந்தப் பேப்பர்ல அதெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்காது.

ஒன்பதுல ஒண்ணு பி.க்யூ.டி. பிராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி. மூணு தடவை கவுந்து நாலாவது தடவை தேறினேன். டூ மார்க் கேள்விகளை மனப்பாடம் பண்ணி, புரியாமலே பாஸ் பண்ணினேன். "ரேஷன் கடை க்யூவுக்கு எதுக்குடா ஈக்வேஷன்"னு ஹாஸ்டல்ல நக்கல் வேற.

ரெண்டு வருஷம் முன்னால ஆபீஸ்ல ஒரு சிக்கல். எங்க சர்வர் ஒண்ணு ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்தது, திடீர்னு ஒரு நாள் இழுத்துக்கிச்சு. வர்ற லோடு கொஞ்சம்தான் கூடியிருந்துச்சு, ஆனா பதில் வர்ற நேரம் எங்கயோ போயிடுச்சு. கோடுல தப்பு இருக்குன்னு நாலு நாள் தேடினோம், ஒண்ணும் இல்ல. டீம்ல இருந்த சீனியர் ஒருத்தர் வந்து ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதினார். ஒரு விநாடிக்கு சராசரியா 100 கோரிக்கையை முடிக்கிற சர்வர். விநாடிக்கு 50 வந்தா, ஒவ்வொண்ணும் வந்து முடிஞ்சு போக சராசரியா 20 மில்லி விநாடி. 90 வந்தா 100 மில்லி விநாடி. 99 வந்தா ஒரு முழு விநாடி. லோடு ரெண்டு மடங்கு கூட ஆகல, நேரம் அம்பது மடங்கு ஆயிடுச்சு. நூறுல இருந்து வர்றதைக் கழிச்சு, அதால ஒண்ணை வகுத்தா விடை. அவ்வளவுதான் கணக்கு.

"இது எதுல வரும் பாஸ்?"னு கேட்டேன். "க்யூயிங் தியரி. காலேஜ்ல படிச்சிருப்பியே"ன்னார்.

எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அன்னிக்கு ராத்திரி பழைய பி.க்யூ.டி. புக்கை எடுத்தேன். நாலு தடவை பரிட்சை எழுதின பாடத்தை அன்னிக்குத்தான் முதல் தடவையா படிச்சேன். காரணம் தெரிஞ்சு படிக்கிறவனுக்கு அது வேற புத்தகமாத் தெரியுது.

அப்புறம் ஒண்ணு ஒண்ணா எடுத்தேன். அரியர் வெச்ச எல்லாப் பாடமும் ஆபீஸ்ல எங்கயாவது ஒரு மூலையில எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து படிச்சு கேட் பரிட்சை எழுதினேன். மூணு மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். அதை எழுத சிஜிபிஏ கேட்கறதில்ல. நல்ல ஸ்கோர்தான் வந்துச்சு. ஆனா அந்த ஸ்கோரை எடுத்துக்கிட்டு என்.ஐ.டி. வாசலுக்குப் போனா, "அதெல்லாம் சரி, அப்ப எவ்வளவு எடுத்தே?"

இதை நண்பர்கிட்ட புலம்பினா, ராமானுஜனைக் கொண்டு வந்தார். நம்ம ஊர்ல ஃபெயிலானவனுக்கு ஆறுதல் சொல்றதுன்னா உடனே ராமானுஜன்தான். அய்யா, அவர் கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பை இழந்ததும், எஃப்.ஏ. பரிட்சையில தேறாமப் போனதும் நாள் பூரா கணக்கு மட்டுமே போட்டுக்கிட்டு இருந்ததால. நான் கோட்டை விட்டது நாள் பூரா கேரம் ஆடிக்கிட்டு இருந்ததால. தயவுசெஞ்சு அவரை இதுல இழுக்காதீங்க :-)

ஆனா அந்தக் கதையில யாரும் சொல்லாத ஒரு பகுதி இருக்கு. 1913-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு. அவர்கிட்ட டிகிரியே கிடையாது. பழைய மார்க்கைப் பார்க்காம, கையில என்ன வேலை இருக்குன்னு பார்த்தாங்க. நான் ராமானுஜன் இல்ல. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம ஊர்லயே ஒரு நிறுவனத்தால அப்படி யோசிக்க முடிஞ்சிருக்கே.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். நாலு வருஷம் ஒழுங்காப் படிக்காதவன் இன்னும் ரெண்டு வருஷம் படிப்பான்னு என்ன நிச்சயம்? சீட்டு கம்மி, செலவு அரசாங்கப் பணம். நியாயமான கேள்வி. ஒரு நாள் பரிட்சையை விட நாலு வருஷ ரெக்கார்டு ஆளைப் பத்தி அதிகம் சொல்லும்னா, ஒத்துக்கறேன். ஆனா அது சொல்றது பதினெட்டுல இருந்து இருபத்தொண்ணு வயசு வரைக்கும் இருந்த ஆளைப் பத்தி. இருபத்தெட்டுல வந்து நிக்கிறவனைப் பத்தி இல்ல.

அதுக்கு வழி இருக்கு. உள்ள விட்டுச் சோதிக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்துற ஆன்லைன் பி.எஸ். படிப்புல ஜே.இ.இ. கட்டாயம் இல்ல. நாலு வாரம் பாடம் நடத்தி, அதுலயே பரிட்சை வெச்சு, தேறினவங்களைச் சேர்த்துக்கறாங்க. ஜார்ஜியா டெக் 2014-ல ஆரம்பிச்ச ஆன்லைன் மாஸ்டர்ஸ்ல முதல் வருஷத்துக்குள்ள ரெண்டு அடிப்படைப் பாடத்துல பி கிரேடாவது எடுத்துக் காட்டணும். உன்னால முடியுமான்னு பத்து வருஷப் பழைய காகிதத்துகிட்ட கேட்காம, உன்கிட்டயே கேட்கறாங்க. நேரடி எம்.டெக்ல எல்லா சீட்டையும் அப்படித் திறந்து விடச் சொல்லல. வேலை அனுபவமும் கேட் ஸ்கோரும் இருக்கறவனுக்கு ஒரு செமஸ்டர் தவணை குடுத்துப் பாருங்க. தேறலைன்னா அனுப்பிடுங்க. கோவிச்சுக்க மாட்டோம், அனுப்பறது எங்களுக்குப் பழக்கம்தான்.

ஊருக்கு உபதேசம் போதும். என்னை மாதிரி 5.9 கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்.

கூடப் படிச்சவன் ஒருத்தன், என் ரகம்தான். பி.இ. மார்க்கை மறைக்க எம்.பி.ஏ. போனான். "மாப்ள, கடைசி டிகிரியைத்தான்டா எல்லாரும் பார்ப்பாங்க"ன்னான். லோன் போட்டுச் சேர்ந்தவன், ரெண்டாவது செமஸ்டரோட நின்னுட்டான். அவனுக்கு மூளை இல்லாமலா? என்னை விட ரெண்டு மடங்கு கெட்டிக்காரன். ஆனா பி.இ.யில எதனால கவுந்தானோ, அந்தக் காரணத்தையும் பெட்டியில போட்டுக் கூடவே எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு கறையைக் கழுவப் போனவன் இப்ப ரெண்டு கறையையும் ஒரு லோனையும் சுமக்கறான்.

அதனால அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னால அவங்க கேட்காத கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கோங்க. ஏன் அவ்வளவுதான் எடுத்தேன்? பணக் கஷ்டமா, உடம்பா, மொழியா, பிடிக்காத பாடமா, சோம்பலா? அந்தக் காரணம் இப்பவும் உங்க கூட இருக்கா, போயிடுச்சா? இருந்தா முதல்ல அதைக் கவனிங்க, காலேஜ் எங்கயும் ஓடிடாது. போயிடுச்சுன்னா வெட்கப்படாம போடுங்க. என்னோட காரணம் போயிடுச்சான்னு பார்க்க நான் வெச்ச பரிட்சை ஒண்ணே ஒண்ணுதான்: மீட்டிங்ல பத்து பேர் முன்னால "எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க"ன்னு கேட்க முடியுதா? இப்ப முடியுது. கேட்டே மெட்ராஸ்ல ஒரு ஆள் ஆயிட்டேன்.

எல்லாக் கதவும் மூடல. நம்ம மாநிலத்துல எம்.இ. சேர இளநிலையில 50 சதவீதம் போதும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கேட் ஸ்கோரோட கலந்தாய்வுக்குப் போகலாம். கேட் இல்லாதவங்களுக்கு 2023-ல இருந்து சீட்டா பி.ஜி.ன்னு தனிப் பரிட்சை இருக்கு. கேட்ல தகுதி வாங்கி முழு நேரம் படிச்சா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அரசுக் கல்லூரி ஒண்ணுல கிடைக்கும்னு நம்பி அப்ளிகேஷன் போட்டாச்சு.

கல்யாணத்துக்கு மறுநாள் அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"மாசம் எவ்வளவுடா குடுப்பாங்க?"

"12,400 ப்பா."

"மொதல் சம்பளம் எவ்வளவு வாங்குன?"

"பன்னெண்டாயிரம்."

"நானூறு கூடத்தான் இருக்கு, போ"ன்னார். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எழுந்து போனவர், வாசப்படியில நின்னு திரும்பினார். "ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். ரெண்டரை ஆக்கிடாத."

டிஸ்கி: சித்தப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு பந்தியில சொல்லிக்கறேன்.